ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் கண்ட சாஸ்திரம். அடுப்பங்கரையைப் பொறுத்தவரையில் இதைவிடச் சிறந்த சாஸ்திரம் கிடையாது. ஒரே ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்குகிற குடும்பத் தலைவி, புள்ளி விவர சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவள் அல்ல. ஆயினும் அவளுடைய முடிவு தப்புவதில்லை. ஏன்? பானையில் இருப்பது முழுவதும் ஒரே அரிசி. எல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்தது.

வைத்திய விஷயத்திலும் நாம் இந்தச் சாஸ்திரத்தையே நம்பிக் காரியம் செய்கிறோம். அங்கேதான் சங்கடம் வந்து சேர்கிறது. "அடுத்த தெரு மாமாவுக்கு இந்த லேகியத்தில் கட்டி கரைந்துவிட்டதாம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். மறுநாளே அந்த லேகியம் நம் வீட்டு அலமாரியில் இடம் பிடித்துவிடுகிறது. மாமா ஒரு பருக்கை. அதே லேகியத்தைத் தின்றும் கட்டி கரையாதவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும், வந்து பதில் சொல்லும் நிலையில் அவர்களில் பலர் இருப்பதில்லை.

ஒரு பருக்கையில் தொடங்கி, "பானையில் இருப்பது ஒரே அரிசியே அல்ல" என்ற உண்மையில் போய் முடிந்த ஆராய்ச்சி ஒன்று வைத்திய சரித்திரத்தில் உண்டு. புற்று நோய் என்ற பெயரைக் கேட்டவுடனே கதிகலங்கும் நம் குடும்பங்கள் அதை அறிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறோம்.

தாளம் போடும் உயிரணுக்கள்

நாம் உண்ணும் உணவு இரைப்பையிலிருந்து குடல் வழியாக மெதுவாக நகர்ந்து செல்வதற்கு, குடல் ஓர் ஒழுங்கான தாளத்தில் சுருங்கி விரிய வேண்டும். இந்தத் தாளத்தைப் போடுவதற்கென்றே குடல் சுவரில் சில உயிரணுக்கள் இருக்கின்றன. 1906-ம் வருஷம் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் தேசத்து அறிஞர் ராமோன் இ காஹாலின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. இந்த உயிரணுக்களின் இனத்திலிருந்து அபூர்வமாக ஒரு வகைப் புற்று தோன்றுவதுண்டு. அதன் முழுப் பெயர் நாவைச் சுளுக்க வைக்கும். ஆகையால் டாக்டர்கள் வழக்கத்தை ஒட்டி, 'ஜிஸ்ட்' என்றே நாமும் குறிப்பிடுவோம்.

பத்து லட்சம் ஜனங்களில் வருஷத்துக்குச் சுமார் 10 முதல் 15 பேருக்குத்தான் இந்நோய் காண்கிறது. கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை இரைப்பையிலும், மற்றவற்றில் பெரும்பாலானவை சிறு குடலிலும் உண்டாகின்றன. 1998-க்கு முன்பு இதைத் தனி நோயாகப் பிரித்தறிவதே கஷ்டமாக இருந்தது. தசைநார்க் கட்டி என்று ஒரு டாக்டர் சொல்வார். நரம்புக் கட்டி என்று இன்னொருவர் சொல்வார். பெயர் எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான்: கத்தி. கத்திக்கு எட்டாத இடத்தில் நோய் பரவிவிட்டால், மற்றப் புற்றுகளுக்குக் கொடுக்கும் உக்கிரமான மருந்துகளெல்லாம் இதனிடம் பெரும்பாலும் தோற்றுப் போயின.

சிக்கிக்கொண்ட மணி

1998-ம் வருஷம் ஜப்பானில் ஓஸாகா நகரத்தில் ஹிரோடா, கிடமுரா என்ற இருவரும் அவர்களுடைய சகாக்களும் முக்கியமான ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். ஐந்து ஜிஸ்ட் கட்டிகளை எடுத்து, 'கிட்' என்னும் ஒரு மரபணுவின் எழுத்துக்களை அவர்கள் வரிசையாகப் படித்துப் பார்த்தார்கள். ஐந்திலும் அந்த எழுத்துக்கள் பிறழ்ந்திருந்தன.

இந்தப் பிறழ்வு என்ன செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். வீட்டு வாசலில் மின்சார மணி இருக்கிறது. விருந்தாளி வந்து பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும். கையை எடுத்தால் நின்றுவிடும். கிட் மரபணுவின் கட்டளைப்படி உண்டாகும் புரதம் உயிரணுவின் வாசலில் இப்படிப்பட்ட மணியாக இருக்கிறது. வெளியிலிருந்து தக்க செய்தி வந்தால், "பெருகு" என்று உள்ளே மணி அடிக்கும். செய்தி இல்லையேல் மௌனமாக இருக்கும். மரபணுவில் எழுத்து பிறழ்ந்தவுடன் பொத்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு விடுகிறது. வாசலில் ஒருவரும் இல்லை. மணியோ ஓயாமல் அடிக்கிறது. உயிரணுவும் ஓயாமல் பெருகுகிறது. அதுதான் கட்டி.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மரபணு என்றதும், "அப்படியானால் இது பரம்பரை வியாதி, பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்க வேண்டும்" என்று சிலர் பேசத் தொடங்கிவிடுவார்கள். இது பெரும்பாலும் தவறு. இந்தப் பிறழ்வு, நோயாளி பிறந்து பல வருஷங்களுக்குப் பிறகு, அவருடைய உடலில் ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நேர்வது. கட்டியில் இருக்குமே தவிர அவருடைய மற்ற உறுப்புக்களில் இராது, குழந்தைகளுக்கும் போகாது. உலகில் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே இந்நோய் பரம்பரையாக வருகிறது. தொற்று வியாதியோ இது அறவே அல்ல.

ஹெல்ஸிங்கியில் ஒரு ஸ்திரீ

ஏறக்குறைய இதே சமயத்தில், இரத்தப் புற்றின் ஒரு வகைக்காக 'இமாடினிப்' என்ற மாத்திரையை ஸ்விட்ஜர்லாந்து தேசத்து நோவார்டிஸ் கம்பெனி தயாரித்திருந்தது. அமெரிக்காவில் ஆரிகன் பிரதேசத்தைச் சேர்ந்த டாக்டர் பிரையன் ட்ரூக்கர் 1998-ல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரீட்சிக்கத் தொடங்கினார். அந்த இரத்தப் புற்றில் ஓயாமல் அடிக்கும் மணி வேறு. ஆனால் இமாடினிப் அந்த மணியை மட்டுமல்ல, கிட் மணியையும் அடக்கக்கூடியது என்று ஆராய்ச்சிச் சாலைகளில் தெரியவந்தது.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியில் ஐம்பது வயதுள்ள ஸ்திரீ ஒருத்திக்கு ஜிஸ்ட் நோய் ஈரல் வரையில் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் தெரிந்த மருந்துகளும் பயன்படவில்லை. 2000-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டாக்டர் ஹெய்க்கி யோன்ஸு அவளுக்கு இமாடினிப் கொடுத்தார். இந்த நோய்க்காக அந்த மாத்திரையை உட்கொண்ட முதல் மனுஷி அவள்தான். சில வாரங்களுக்குள் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. உயிருள்ள புற்றை ஒளிவிட்டுக் காட்டும் விசேஷப் படத்தில், முன்பு பளிச்சென்று தெரிந்த இடங்கள் மங்கிப் போயின. அதுவரையில் ஜிஸ்ட் நோயில் எந்த மருந்தும் செய்து காட்டாத அற்புதம் அது.

நம் சாஸ்திரப்படி பார்த்தால் காரியம் முடிந்தது, பானையை இறக்கிவிடலாம். டாக்டர்கள் இறக்கவில்லை. அந்த ஸ்திரீயைப் பற்றிய விவரம் 2001 ஏப்ரலில் பிரசுரமாவதற்கு முன்பே, பலரை வைத்துப் பரீட்சை செய்யும் வேலையில் இறங்கிவிட்டார்கள்.

நூற்று நாற்பத்தேழு பேர்

2000-ம் வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் சில ஆஸ்பத்திரிகளும் ஹெல்ஸிங்கியும் சேர்ந்து அந்தப் பரீட்சையைத் தொடங்கின. அதில் சேர்ந்தவர்கள் 147 பேர். எல்லாருக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. சிலருக்குத் தினம் 400 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 600. முடிவை 2002-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜார்ஜ் டிமெட்ரியும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். 79 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 41 பேருக்கு வளராமல் நின்றது. 20 பேருக்குத் தொடக்கத்திலிருந்தே மருந்து பலிக்கவில்லை. கட்டி அடியோடு மறைந்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே அமெரிக்க சர்க்கார் இந்த மருந்தை ஜிஸ்ட் நோய்க்கு அனுமதித்துவிட்டது. நோய் பரவியவர்கள் அதற்கு முன்பெல்லாம் இரண்டு வருஷத்தைத் தாண்டுவது அரிதாக இருந்தது. இப்போது அவர்களில் பாதிப்பேர் ஏறக்குறைய ஐந்து வருஷம் வாழ்ந்தார்கள். இதோடு எல்லாரும் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் பலிக்காத 20 பேர் சிலரை உறுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரே பெயருள்ள நோய், ஒரே மாத்திரை. இவர்களுக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?

டாக்டர் மைக்கேல் ஹைன்ரிக்கும் அவருடைய சகாக்களும் அந்த 147 பேரில் 127 பேருடைய கட்டிகளை எடுத்து மரபணு எழுத்துக்களைப் படித்தார்கள். 2003-ல் விடை வெளியாயிற்று. கிட் மரபணுவில், '11-வது எக்ஸான்' என்று சொல்லும் பகுதியில் பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 83.5 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. 9-வது எக்ஸானில் பிறழ்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 47.8 பேருக்கு. எந்தப் பிறழ்வுமே கண்டுபிடிக்க முடியாத ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் சுருங்கியது எத்தனை பேருக்கு என்றால், பூஜ்யம்.

பானையில் இருந்தது ஒரே அரிசி அல்ல; சம்பாவும் கம்பும் கல்லும் கலந்த கலவை என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த ஹெல்ஸிங்கி ஸ்திரீயின் கட்டியிலிருந்த பிறழ்வு, அதிர்ஷ்டவசமாக, 11-வது எக்ஸானைச் சேர்ந்தது. அவளுக்குப் பதில் அந்த ஒன்பது பேரில் ஒருவர் முதலாவதாக மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால், "இந்த நோய்க்கு இந்த மருந்து உதவாது" என்று மூட்டை கட்டி வைத்திருக்கவும் கூடும்.

அதே 2003-ல் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. சில ஜிஸ்ட் கட்டிகளில் கிட் சரியாகவே இருக்கிறது. அதன் உறவுக்கார மரபணுவான 'பி.டி.ஜி.எப்.ஆர்.ஏ.' பிறழ்ந்திருக்கிறது. இவற்றுள் மிகவும் பொல்லாதது, புரதத்தின் 842-வது இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்கார்ந்துகொள்வது. இமாடினிப், மணி ஓய்ந்திருக்கும் கோலத்தில்தான் அதற்குள் நுழைந்து அடைத்துக்கொள்ள முடியும். 842-ல் மாறிய புரதமோ எப்போதும் அடிக்கும் கோலத்திலேயே விறைத்து நிற்கிறது. மருந்துக்கு நுழைய வழியில்லை. இந்தப் பிறழ்வு உள்ளவர்கள் பரிகாரமின்றிக் காத்திருந்தார்கள். அவப்ரிடினிப் என்ற புது மாத்திரை பிறகு பரீட்சைக்கு வந்தது. 842-ல் பிறழ்வுள்ள 38 பேரில் நூற்றுக்கு 89 விகிதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. வெறும் 38 பேர்! ஆனால் 38 பேரும் ஒரே அரிசி. ஆகையால் அந்தச் சிறு எண்ணிக்கையே போதுமானதாக இருந்தது. பாட்டியின் சாஸ்திரம் பொய்யல்ல. அரிசியைத் தரம் பிரித்த பிறகுதான் அது செல்லும்.

வெற்று மாத்திரை

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும், "நம் மனிதரை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்ற பயம் வீடுகளில் எழுகிறது. சில பரீட்சைகளில் ஒரு சாராருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று கேட்டால் பயம் கோபமாக மாறுகிறது. இந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்குச் சரியான பதில் இருக்க வேண்டியதும் நியாயமே.

இமாடினிப் பலித்தவர்களுக்கும், சில வருஷங்களில் கட்டி புதிதாக இன்னொரு பிறழ்வைத் தேடிக்கொண்டு மீண்டும் வளர்வதுண்டு. அத்தகையவர்கள் 312 பேரைக் கொண்டு ஸுனிடினிப் என்ற மருந்தைப் பரீட்சித்தார்கள். அன்று அவர்களுக்கு வேறு மருந்தில்லை. சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, மூவரில் இருவருக்கு மருந்தும் ஒருவருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது. கட்டி மீண்டும் வளரப் பிடித்த காலம் மருந்து உண்டவர்களுக்குச் சராசரி 27.3 வாரம், மற்றவர்களுக்கு 6.4 வாரம். இடையில் கணக்குப் பார்த்தபோதே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிட்டதால், திரையை விலக்கி எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நோய் வளர்ந்தவர்கள் மருந்துக்கு மாறலாம் என்ற ஏற்பாடு முதலிலிருந்தே இருந்தது. 2006 ஜனவரியில் ஸுனிடினிப் அனுமதி பெற்றது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் யாருடைய தயவாலும் வந்தவை அல்ல. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான தர்மங்களை உலக வைத்தியர் சங்கம் 1964-ல் வகுத்தது. வகுத்த ஊரும் அதே ஹெல்ஸிங்கிதான். நம் தேசத்தில் 2019-ம் வருஷத்து விதிகளின்படி, தர்மக் கமிட்டியின் அனுமதியும் நோயாளி விஷயத்தை அறிந்து கொடுத்த சம்மதமும் இல்லாமல் மருந்துப் பரீட்சை நடத்தக் கூடாது. பரீட்சையினால் தீங்கு நேர்ந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். 2009 ஜூன் முதல் ஒவ்வொரு பரீட்சையையும் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வதும் கட்டாயம்; யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். கையெழுத்துப் போடுமுன் அங்கே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பரீட்சைகள் குடும்பங்களுக்கு நேராகப் பயன்படும் சில பாடங்களையும் தந்திருக்கின்றன. பிரான்ஸில் ஒரு வருஷம் இமாடினிப் உண்டு நோய் அடங்கியிருந்தவர்களில் 32 பேர் மாத்திரையை நிறுத்தினார்கள்; 26 பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. தொடர்ந்து உண்ட 26 பேரில் எட்டுப் பேருக்கே அப்படி நேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ள 400 பேரை வடஐரோப்பிய டாக்டர்கள் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒரு வருஷமும் மற்றவர்களுக்கு மூன்று வருஷமும் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், முந்தியவர்களில் நூற்றுக்கு 81.7 விகிதம், பிந்தியவர்களில் 92. "உடம்புதான் நன்றாயிருக்கிறதே, மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திக்கொள்ளும் நம்மவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, வாங்குவது எப்படி? இந்தக் கேள்வியில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இமாடினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு உரிமைப் பட்டயம் கோரி நோவார்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னைப் பட்டய ஆபீஸில் மனுச் செய்தது. 2006 ஜனவரியில் மனு நிராகரிக்கப்பட்டது. தெரிந்த பொருளின் புது வடிவம், பலனில் மேம்பட்டதாக இராவிட்டால் பட்டயம் கிடையாது என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை ஹைகோர்ட் 2007-ல் தள்ளியது. இறுதியாக 2013 ஏப்ரல் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பட்டயத்தை மறுத்துத் தீர்ப்புச் சொல்லிற்று.

விஷயத்தின் கனம் விலையில் இருந்தது. கம்பெனியின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். லாபம் இல்லாவிட்டால் புது மருந்துக்கு யார் பணம் போடுவார்கள் என்பது கம்பெனியின் கேள்வி. தேசத்தில் ஏராளமானோருக்கு இலவசமாகவே கொடுத்து வருவதாகவும் அது எடுத்துச் சொல்லியது. கேள்வி அற்பமானதல்ல. ஆனால் வருஷக்கணக்கில் நிறுத்தாமல் உண்ண வேண்டிய மாத்திரைக்கு, ஒரு குமாஸ்தாவின் குடும்பம் வீட்டையும் நகையையும் விற்றாலும் எத்தனை மாதம் தாங்கும்? தானமாகக் கிடைப்பது ஒன்று. சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளக் கூடியதாய் இருப்பது வேறொன்று. 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இமாடினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது.

கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவையும் படித்த நேயர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். யாருக்காவது ஜிஸ்ட் என்று டாக்டர் சொன்னால், "என்ன மருந்து?" என்று கேட்பதற்கு முன்பு, "எந்தப் பிறழ்வு?" என்று கேட்க வேண்டும். கட்டித் துணுக்குக்குச் சாயம் ஏற்றிப் பார்த்து, கிட் புரதம் இருக்கிறது என்று அறிக்கை வருவதுண்டு. அதை மரபணுப் பரீட்சை என்று எண்ணிவிடக் கூடாது. மணி இருக்கிறது என்று அது சொல்லும். எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று சொல்லாது. அதற்கு எழுத்துக்களையே படித்துப் பார்க்க வேண்டும். 9-வது எக்ஸானில் பிறழ்வு இருந்தால் மருந்தின் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை நிச்சயிக்க, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பரீட்சைகளைச் சேர்த்து 1,640 பேருடைய கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. 842-ல் பிறழ்வு இருந்தால் இமாடினிப்புக்குச் செலவழிக்கும் பணமும், அதைவிட அருமையான காலமும் வீண். குழந்தைகளுக்கும் இளம் பெண்களுக்கும் வரும் ஜிஸ்டில் பெரும்பாலும் கிட் பிறழ்ந்திருப்பதே இல்லை. அவர்களுக்கு வழி வேறு.

அபூர்வ நோயில் நோயாளிகள் குறைவு. ஆகையால் பரீட்சையில் சேரும் ஒவ்வொருவரும் விலைமதிப்பற்றவர். மருந்து பலித்தவர்களைப் பற்றி உலகம் பேசுகிறது. நாமோ அந்த ஒன்பது பேரையும் நினைக்கிறோம். தங்களுக்கு ஒரு பயனும் கிட்டாமல், தங்கள் கட்டியின் ஒரு துணுக்கைக் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த நோய் ஒன்றல்ல, பல என்று வைத்தியர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களே.